காட்பாடியில் ஏறி ஊட்டி மலை ரயிலுக்கு: குடும்பத்தோடு ஒரு நாள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பகுதிகளிலிருந்து குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நீலகிரி மலை ரயிலில் சென்று வர விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. ஊட்டியில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இதில் இல்லை. ஒரே ஒரு பகல் பொழுது மட்டுமே கையில் இருக்கும்போது, அதன் பெரும்பகுதியை ரயிலுக்கே கொடுத்துவிடுவதுதான் சரி என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது இது.

வேலூரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்ப முடியுமா?

முடியும்; ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் ஓர் இரவு ரயிலில் கழியும். சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு பதினொரு மணியை ஒட்டிக் காட்பாடிக்கு வந்து, மறுநாள் காலை ஆறேகால் மணி அளவில் மேட்டுப்பாளையத்தைச் சென்றடைகிறது. அங்கிருந்து மலை ரயில் காலை 7.10க்குப் புறப்பட்டு, நண்பகலை ஒட்டி உதகமண்டலத்தை அடைகிறது. மாலையில் மலையிலிருந்து இறங்கி, அதே நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஒன்பது மணிவாக்கில் ஏறினால், விடிவதற்கு முன்பே காட்பாடியில் இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை இரவு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓய்வுக்குக் கிடைக்கும். விடுதி அறைக்குச் செலவில்லை என்பதால், ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சிக்கனமான ஏற்பாடும்கூட. கால அட்டவணை அவ்வப்போது மாறக்கூடியது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் அன்று நேரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே ஏலகிரி இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? அங்கே மலை ரயில் இல்லையா?

இல்லை. ஏலகிரிக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் ஜோலார்பேட்டை. அங்கிருந்து மேலே செல்லத் தமிழ்ப் புலவர்களின் பெயர் சூட்டப்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை மட்டுமே உண்டு. ஏற்காட்டுக்கும் சாலைதான் வழி. கொடைக்கானல் ரோடு என்ற பெயரில் ஒரு நிலையம் இருப்பதைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். அது மலையடிவாரச் சமவெளியில் இருக்கிறது, அங்கிருந்து கொடைக்கானல் போகப் பேருந்தைத்தான் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மலை மேல் ஏறும் பயணிகள் ரயில் என்றால் அது நீலகிரி ரயில் ஒன்றுதான். குளிர்ந்த காற்று மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏலகிரியே போதுமானது. அதற்காக இரண்டு இரவுகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பயணச்சீட்டு எடுப்பது எப்படி? எவ்வளவு முன்பாக எடுக்க வேண்டும்?

இப்போதைய விதிப்படி பயண நாளுக்கு 60 நாள் முன்பாக முன்பதிவு தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயிலில் பெட்டிகள் குறைவு. ஆகவே கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை நாள்கள் ஆகியவற்றுக்கான இருக்கைகள் முன்பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடுவது வழக்கம். முதலில் மலை ரயில் சீட்டை எடுத்துக்கொண்டு, அது உறுதியான பிறகு காட்பாடி ரயிலுக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள், மேட்டுப்பாளையம் வரை சுகமாகத் தூங்கிச் சென்று, விடிந்ததும் பேருந்து நிலையத்தைத் தேட வேண்டியிருக்கும்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு முன்பே காட்பாடியைக் கடந்துவிடுவதால், அந்தச் சீட்டு 10ஆம் தேதிக்கு என்றால் மலை ரயில் சீட்டு 11ஆம் தேதிக்கு இருக்க வேண்டும். திரும்பும் சீட்டும் 11ஆம் தேதிக்கே. இணையத்தில் பதிவு செய்யும்போது காட்பாடிக்குக் கேபிடி என்றும், மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி என்றும், குன்னூருக்கு ஓஎன்ஆர் என்றும், உதகமண்டலத்துக்கு யூஏஎம் என்றும் குறியீடுகள் வரும். ஊட்டி என்று தட்டச்சு செய்து தேடிவிட்டு, அப்படி ஒரு நிலையமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முன்பதிவு இல்லாத இருக்கைகள் கிடைத்தாலும் மிகக் குறைவாகவே கிடைக்கும். தனி ஆளாகச் செல்லும் இளைஞர் அதிகாலையில் வரிசையில் நின்று பார்க்கலாம். பாட்டியும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

முதல் வகுப்பு எடுப்பது பயனுள்ளதா?

மலை ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே முன்பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னே பாதையும் காடும் பள்ளத்தாக்கும்தான் தெரியுமே தவிர, புகையும் இரும்பும் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் முதல் வகுப்பின் கூடுதல் கட்டணம். மற்றபடி இரண்டாம் வகுப்பின் ஜன்னலிலிருந்து தெரிவதும் அதே மலைதான். இருக்கைகள் நெருக்கமாக இருக்கும் என்பது உண்மை. குழந்தைகள் உள்ள வீடுகளில் இரண்டாம் வகுப்பே கலகலப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம். சுரங்கப் பாதை வரும்போதெல்லாம் பெட்டி முழுவதும் எழும் கூச்சலில் பெரியவர்களும் வெட்கமின்றிச் சேர்ந்துகொள்வதை அங்கேதான் பார்க்கலாம்.

இந்த ரயில் மலை ஏறுவது எப்படி? இதில் என்ன தனிச் சிறப்பு?

இந்தியாவில் பல்சக்கர முறையில் இயங்கும் ரயில் பாதை இது ஒன்றுதான். சாதாரண ரயிலில் சக்கரமும் தண்டவாளமும் வழவழப்பான இரும்பு. சற்றே கூடுதலான சரிவு வந்தாலும் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். நீலகிரிப் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை, 12.5 அடி தூரம் செல்வதற்குள் 1 அடி உயரம் ஏற வேண்டிய அளவுக்குச் சரிவு இருக்கிறது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புப் பட்டைகளை இணையாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் இருக்கும்படி அமைத்திருப்பதால், இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லையாவது கவ்விக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை என்பதால் இதை ஆப்ட் முறை என்கிறார்கள்.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இதை நேரில் உணரலாம். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓரளவு வேகமாக வந்துகொண்டிருந்த ரயில், திடீரென்று நடை வேகத்துக்கு இறங்கிவிடும். காலடியில் கடகடவென்று ஓர் அதிர்வு ஏறி, இன்ஜினின் மூச்சு கனத்து ஒலிக்கத் தொடங்கும். பற்கள் பொருந்திவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகு மணிக்கு 13 கிலோமீட்டர் என்பதே மேல் எல்லை. இந்த இன்ஜின்களில் நீராவியால் இயங்கும் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்) உண்டு. சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்து ஓட்டச் சக்கரங்களைச் சுழற்றும், பல்பாதை வந்ததும் அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியையே மற்ற இரண்டு உருளைகளுக்கும் செலுத்திப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்திலிருந்து வந்தவை; பிற்காலத்தில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டிருப்பார். இன்ஜின் பின்னால் இருப்பதால், முன்னே பாதையில் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் காட்டும் கொடியைப் பார்த்துத்தான் ரயில் நகர்கிறது. யானைகள் நடமாடும் காட்டுப் பகுதி அது. கொடியை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி, கண்ணை மட்டும் பாதையிலிருந்து எடுக்காமல் அவர் நிற்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

பாதையின் மொத்த நீளம் 46 கிலோமீட்டர். 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், 250 பாலங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரம் வரை செல்கிறது. 1854இல் எழுந்த யோசனைக்கு 1891இல்தான் வேலை தொடங்கியது. குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. வேலூர்ப் பெரியவர்களுக்கு இதில் இன்னொரு பழக்கமும் இருக்கும்: இது மீட்டர் கேஜ் பாதை. காட்பாடி – விழுப்புரம் தடம் அகலப் பாதையாக மாறுவதற்கு முன், வேலூர் கன்டோன்மென்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனவர்கள் அந்தக் குறுகிய தண்டவாளத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஊட்டி வரை போக வேண்டுமா, குன்னூரிலேயே இறங்கிவிடலாமா?

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் பதிலுக்கு மாறாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊட்டி வரை சென்றால், நண்பகலில் இறங்கி, பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் ரயிலுக்குள் சாப்பாட்டையும் முடித்து, தாவரவியல் பூங்காவுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். 1848இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவின் மேல் தளங்களை அந்த நேரத்தில் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. தொட்டபெட்டா, படகு இல்லம் என்று ஆசைப்பட்டால், இறங்குவதற்கு ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தையோ வாடகைக் காரையோதான் நம்ப வேண்டும். அப்போதும் நான்கு, நான்கரை மணிக்குள் ஊட்டியை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ஆகும் சாலை, மே மாதத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

மலை ரயிலின் உயிர்ப்பான பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. பல்பாதை, நீராவி இன்ஜின், ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரம் எல்லாமே அந்தப் பகுதியில் முடிந்துவிடுகின்றன. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். அதற்கு மேல் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று செல்லும் வழி அழகானதுதான், ஆனால் அது வேறொரு ரயில். ஆகவே முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம், காலை பத்தரை மணி அளவில் குன்னூரிலேயே இறங்கி, 1874இல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவில் பாய் விரித்துச் சாப்பிட்டு, ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, மூன்று மணியைத் தாண்டி வரும் கீழிறங்கும் ரயிலில் மேட்டுப்பாளையம் திரும்பினால் யாருக்கும் களைப்பு இருக்காது. ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடுவதால், இரவு ரயிலுக்கு முன் ஆற அமர இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம். ஊட்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் ஒருவர் பிடிவாதமாக இருந்தால், ஏறுவதற்கு ரயிலும் இறங்குவதற்குப் பேருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதுதான் இந்த ரயில் தன் வேலையைக் காட்டுகிறது.

தாத்தா, பாட்டி, கைக்குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லலாம். மலை ரயில் மெதுவாகச் செல்வதால், கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து தரும் தலைச்சுற்றலும் குமட்டலும் இதில் இருப்பதில்லை. இறங்குவதற்குப் பேருந்தில் வருபவர்கள் மட்டும், மதியச் சாப்பாட்டை அளவாக முடித்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன மாத்திரை ஏதேனும் இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளட்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மலை ரயிலின் படிகளும் நெருக்கமான இருக்கைகளும் சற்று சிரமம் தரும். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் சிகிச்சை பெறும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம்.

இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்க, முன்பதிவின்போதே பெரியவர்களின் வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும், இடம் இருந்தால், கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காதவரை சீட்டு தேவையில்லை.

மலை ரயிலில் கழிப்பறை உண்டா?

பெட்டிகளுக்குள் இல்லை. வழியில் ரயில் நிற்கும் நிலையங்களில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எல்லோரும் போய்வந்துவிடுவது நலம். நீலகிரி எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்கு வந்தால் அதற்கும் இட்லி சாப்பிடவும் போதிய அவகாசம் இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வேலூர் வீடுகளிலிருந்து கிளம்பும் புளியோதரைக்கு நிகரில்லை. முதல் நாள் மாலை கிளறியது மறுநாள் மதியம் வரை கெடாது, குளிரில் அதன் சுவையும் கூடும். தயிர்சாதத்தைப் பால் கூடுதலாக விட்டுப் பிசைந்து கொண்டுபோகலாம். ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டு போகும் ஆசை சிலருக்கு வரும். ஓர் இரவைத் தாண்ட வேண்டியிருப்பதால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஹில்குரோவ் போன்ற இடங்களில் ரயில் நிற்கும்போது, குரங்குகள் ஜன்னலுக்கே வந்துவிடும். தின்பண்டப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்கும் பிள்ளையிடம்தான் அவை முதலில் வரும். பிடுங்கும்போது இழுபறி செய்தால் கீறிவிடும் என்பதால், நிலையம் நெருங்கியதும் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிடச் சொல்லுங்கள்.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. நாம் கையில் வைத்திருக்கும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் குடிநீர் பாட்டில்களும் அந்தத் தடைக்குள் வருகின்றன. ஆகவே எவர்சில்வர் பாட்டில்களில் தண்ணீரும், டிபன் பாக்ஸ்களில் சாப்பாடும், உண்ண வாழையிலையோ எவர்சில்வர் தட்டோ எடுத்துச் செல்லுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது? என்ன உடை வேண்டும்?

அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் கொதிக்கும்போது நீலகிரியை நினைப்பது இயல்புதான். ஆனால் அதே எண்ணம் தமிழ்நாடு முழுவதற்கும் வருவதால், ஏப்ரல், மே மாதங்களில் மலையில் கூட்டம் அலைமோதும். மே மாதத்தில் ஊட்டியில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடைபெறும். ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான வார நாள்கள்தான் என் விருப்பம். வானம் தெளிவாக இருக்கும், பயணச்சீட்டும் கிடைக்கும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பாலாற்றில் தண்ணீரைப் பார்க்க நாம் காத்திருக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர்ச் சரிவுகளிலும் கொட்டுகிறது. மண்ணும் பாறையும் மரமும் பாதையில் சரிந்து, ரயில் நாள்கணக்கில் நின்றுபோவது ஏறத்தாழ ஆண்டுதோறும் நடக்கிறது.

உடையைப் பொறுத்தவரை, கோடையிலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லாவும் காலுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது வியர்க்கும், குன்னூரில் இறங்கும்போது குளிரும் என்பதால், கம்பளி உடைகளைப் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டிவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

சொந்தக் காரில் மேட்டுப்பாளையம் வரை சென்று ரயிலில் ஏறலாமா?

செல்லலாம், ஆனால் இரவு முழுவதும் கார் ஓட்டியவர், காலையில் மலை ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். காரிலேயே மலைக்கும் ஏறப்போகிறீர்கள் என்றால், 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் செல்பவர்களுக்கு இது தேவையில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு மலை ரயில் ரத்து என்று அறிவித்துவிட்டால்?

ரயில்வே ரத்து செய்யும் ரயிலுக்குக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அன்றைய பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் குன்னூர் செல்லும் பேருந்தில் ஏறிவிடுங்கள்; பர்லியாறு வழியாகச் செல்லும் அந்தச் சாலையிலிருந்து, எதிர்ப்புறச் சரிவில் ரயில் பாலங்கள் ஆங்காங்கே தெரியும். மண்சரிவு பெரும்பாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் நிகழ்கிறது; ஆகவே குன்னூர் – உதகமண்டலம் இடையே பகலில் பலமுறை ஓடும் ரயில்கள் அந்த நாள்களிலும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. குன்னூர் நிலையத்தில் விசாரித்து, இடம் இருந்தால் அதில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும் அந்தப் பயணத்தில், பிள்ளைகளுக்குச் சுரங்கமும் கேத்திப் பள்ளத்தாக்கும் கிடைத்துவிடும். சாலையும் மூடப்படும் அளவுக்கு மழை பெய்தால், கோயம்புத்தூருக்கு இறங்கி, பகல் ரயில் ஒன்றில் காட்பாடிக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.